(அ) முதல் (உ) வரை

அமைச்சர்கள் சபையில் எழுந்து சொல்லும் பதில்களை அமைச்சர்களே எழுதுகிறார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம், நல்ல மனிதர்கள். சுகாதாரத் துறைக்கு வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதியவன் நான். அடுத்தடுத்து வந்த அமைச்சர்கள் என் வாக்கியங்களைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, தாங்களே யோசித்துச் சொன்ன மாதிரி பெருமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

அந்த வேலைக்கு ஒரே விதிதான். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் யாருக்கும் எதற்கும் உதவக் கூடாது. பொய் சொன்னால் உரிமை மீறல் என்று கழுத்தைப் பிடிப்பார்கள். உருப்படியாக ஏதாவது சொன்னாலோ அதையே பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அதில் நான் கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுவேன். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் எழுதுவது. ஓர் உறுப்பினர் ஐந்து பிரிவாகக் கேள்வி கேட்கிறார் என்று வையுங்கள். இயந்திரம் வந்ததா, எவ்வளவு செலவானது, ஆள் போட்டாயிற்றா, தண்ணீர் இணைப்பு உண்டா, எப்போது நோயாளிகளைச் சேர்ப்பீர்கள். நான் "(அ) முதல் (உ) வரை: ஒருசேரப் பதில்" என்று மேலே போட்டு, முதல் பிரிவுக்கு மட்டும் விலாவாரியாக எழுதி முடித்துவிடுவேன். மற்ற நான்கும் எங்கே போயின என்று கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

என் அக்கா எனக்கு வைத்த பட்டப்பெயர் மழுப்பல். அவள் எதிர்க்கட்சி உறுப்பினர். மேலே சொன்ன ஐந்து பிரிவுக் கேள்வியைக் கேட்டவளும் அவளேதான்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. அவள் தேர்தலில் ஜெயித்த மறுநாளே நான் துறைச் செயலரிடம் போய், "இவங்க என் கூடப் பிறந்தவங்க சார். என்னை வேற பிரிவுக்கு மாத்திடுங்க" என்றேன்.

செயலர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதுக்கு மாத்தணும்? அவங்க எப்படிக் கேப்பாங்கன்னு உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்? இங்கயே இருங்க. நமக்கு நல்லதுதான்."

அவர் கணக்கு தப்பவில்லை. அக்கா தையல் ஆலைத் தொழிற்சங்கத்தில் மைக் பிடித்துப் பழகியவள். கேள்வி கேட்க எழுந்தால் முதலில் ஒரு முன்னுரை. பிறகு அந்த முன்னுரைக்கு ஒரு விளக்கம். ஏழைகள் படும் பாடு, ஆட்சியின் அலட்சியம், போன ஆட்சியில் நடந்தது. கேள்வி வந்து சேர்வதற்குள் அமைச்சருக்குத் தப்பித்துப் போக அவளே நாலு கதவைத் திறந்து வைத்திருப்பாள். எந்தக் கதவைத் திறப்பாள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே அமைச்சரின் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். அவள் கோபத்தில் கொதிப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், "வாடா மழுப்பல், செருப்போட சேத்து உன் ஆபீசையும் வெளிய விட்டுட்டு வா" என்பாள். வேலையைப் பற்றி வீட்டுக்குள் பேசக் கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

அந்தக் கேள்வியின் விவரத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் தொகுதி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு என்று ஒன்றை அமைச்சர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இடம். நல்ல இயந்திரங்கள், புதுக் கட்டில்கள், குளிர்சாதனம். வெட்டிய ரிப்பனைக் கூட யாரோ பத்திரமாகச் சுருட்டி வைத்தார்கள். ஆனால் இயந்திரங்கள் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றவில்லை. அந்த இயந்திரம் ஓட வேண்டுமானால் சுத்திகரித்த தண்ணீர் ஆறாக ஓட வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து வார்டுக்குக் குழாய் வரவில்லை. இயந்திரம் என்பது கருவி. அதற்குச் சுகாதாரத் துறை பணம் தரும். குழாய் என்பது கட்டடம். அதற்குப் பொதுப்பணித் துறை பணம் தர வேண்டும். நடுவில் வைக்க வேண்டிய சுத்திகரிப்பு இயந்திரம் கருவியா, கட்டடமா? இதைப் பற்றி இரண்டு துறைகளும் பரஸ்பரம் மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. ஒதுக்கிய பணத்தை வருஷக் கடைசியில் இரண்டு பேருமே ஒழுங்காகத் திருப்பிக் கட்டினார்கள்.

ஒருமுறை என் பதில் வரைவில், "தண்ணீர் இணைப்பு மட்டும் இன்னும் கொடுக்கப்படவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். செயலர் அதை அடித்துவிட்டு, "பொதுப்பணிக்காரன் வீட்டுச் சண்டையை நாம எதுக்கு நடுச்சபையில வைக்கணும்?" என்று கேட்டார். இயந்திரங்கள் நிறுவப்பட்டுவிட்டன என்பது உண்மைதான். அது போதும் என்று அவர் சொன்னார். நானும் விட்டுவிட்டேன்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், தண்ணீர் வரவில்லை என்பது. ஆனால் ஊருக்குத் தெரிவது வேறு, அமைச்சர் சபையில் சொல்வது வேறு. சபையில் அவர் வாயால் சொல்லும்வரை, கோப்பைப் பொறுத்தமட்டில் அந்த வார்டில் எந்தக் குறையும் கிடையாது.

இதில் மாட்டிக்கொண்டவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டு மோட்டார் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று தடவை பஸ் பிடித்துத் தலைநகருக்குப் போய், இயந்திரத்தில் படுத்து, மறுபடி பஸ் பிடித்து வருவார். போகும்போதாவது உட்கார இடம் கிடைக்கும். திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். மனிதர் நாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அந்த ஆஸ்பத்திரி தெரியும். ஒருநாள் அவரே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், "நான் குழாய் போட்டுத் தர்றேன், காசு வேணாம்" என்று கேட்டிருக்கிறார். டெண்டர் இல்லாமல் ஆணி கூட அடிக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

சபை கூடுவதற்கு முந்தின ஞாயிறு. நான் போனபோது அத்தான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அக்கா மேசையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, துணைக் கேள்வியை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அமைச்சர் முதலில் எழுதிவைத்த பதிலைப் படிப்பார். அதன்பிறகு உறுப்பினர் எழுந்து வாய்மொழியாகக் கேட்பதுதான் துணைக் கேள்வி. சபையில் உயிருள்ள சமாச்சாரம் அது ஒன்றுதான்.

நான் வந்ததைப் பார்த்ததும் அவள் காகிதங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"மறைக்காத. அவனுக்கு எல்லாம் தெரியும்" என்றார் அத்தான், திரும்பாமலே. பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தார். முகம் ஊதியிருந்தது. "மாப்ள, நானே சொல்லிடறேன். அடுத்த மாசத்திலேர்ந்து நான் போகப்போறதில்ல."

"எங்க?"

"எங்கயும். பஸ்ல போய்ட்டு பஸ்ல வர்றதுக்கு, சும்மா இங்கயே கிடக்கலாம். நேத்து வரும்போது மயங்கி ஒரு அம்மா மடியில விழுந்துட்டேன். அந்த அம்மா குடிகாரன்னு நினைச்சு என்னைத் திட்டித் தீத்துட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. போகாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

அக்கா வெடித்தாள். "என்ன பேச்சு இது? நான் இத்தனை கேள்வி கேட்டுட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்கு..."

"நீ எங்கம்மா கேக்கற? நீ பேசற. நல்லாத்தான் பேசற, கைதட்டலாம். ஆனா கேக்கல" என்றார் அத்தான். "என்கிட்ட கேப்பியே, மாத்திரை போட்டீங்களான்னு, அப்படி ஒரு தடவையாவது அங்க கேட்டிருக்கியா? அதுவும் யாரைப் பாத்துக் கேக்கணுமோ அவனைப் பாத்துக் கேளு." சொல்லும்போது மோவாயை என் பக்கம் லேசாக அசைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "அத்தான், ஆபீஸ் வெளிய இருக்கு" என்றேன். சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்கா என்னைக் கூப்பிடவும் இல்லை.

எங்கள் அமைச்சரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லாதவர், துறையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் எதிரொலி. சபையில் அமைச்சருக்கு நேர் பின்வரிசையில் அதிகாரிகளான நாங்கள் உட்கார்ந்திருப்போம். துணைக் கேள்வி வந்தால் அவர் தலையைப் பின்னால் சாய்ப்பார். நான் அவர் காதில் பதிலைச் சொல்வேன். அவர் அதை அப்படியே ஒலிபெருக்கியில் சொல்வார். மற்ற அமைச்சர்கள் காதில் விழுந்ததைக் கொஞ்சம் மென்று, தங்கள் பாணியில் துப்புவார்கள். இவர் மெல்லவே மாட்டார். ஒருமுறை தடுப்பூசி பற்றிய விவாதத்தின் நடுவே நான், "ஐயா, சட்டைப் பொத்தான் திறந்திருக்கு" என்று காதில் சொல்ல, "மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, சட்டைப் பொத்தான் திறந்திருக்கிறது" என்று கணீரென்று அறிவித்தார். அது அவைக்குறிப்பில் இன்றும் இருக்கிறது. கேள்வி கேட்ட உறுப்பினர் பதறிப்போய்த் தன் சட்டையைத் தடவிப் பார்த்தார்.

அன்றைக்குக் கேள்வி நேரத்தில் அக்காவின் கேள்வி வந்தது. அமைச்சர் என் பதிலைப் படித்தார். "(அ) முதல் (உ) வரை, ஒருசேரப் பதில்." இயந்திரங்களின் திறன், தயாரித்த நாடு, நிறுவிய விதம். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். சபாநாயகர், "துணைக் கேள்வி" என்றார்.

என் மடியில் தடித்த கட்டு ஒன்று இருந்தது. விலையில் முறைகேடா என்று கேட்டால் ஒரு பதில், ஆள் பற்றாக்குறைக்கு ஒரு பதில், போன ஆட்சியோடு ஒப்பிட்டால் ஒரு பதில். தண்ணீருக்கும் ஒன்று இருந்தது: "இது தொடர்பாகப் பொதுப்பணித் துறையுடன் ஒருங்கிணைந்து ஆய்வு மேற்கொள்ளப்பட்டுள்ளது." அடித்துச் சொல்கிறேன், அதில் ஒரு பொய் கூடக் கிடையாது.

அக்கா எழுந்தாள். கையில் காகிதம் இல்லை.

"தலைவர் அவர்களே, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஆஸ்பத்திரியில சிகிச்சைக்குப் போக வேண்டியவங்கள்ல என் வீட்டுக்காரரும் ஒருத்தர்."

ஆளுங்கட்சி வரிசையில் சலசலப்பு. "சொந்த வேலையாத்தான் வந்திருக்காங்களா!" என்று ஒருவர் கத்தினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். இதற்குப் பயந்துதான் அவள் இத்தனை நாள் அத்தானைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தாள். சொந்தத் தொகுதி மேடையில் கூடச் சொன்னதில்லை. கத்தினவனை எழுந்துபோய் அறையலாம் போல இருந்தது. சத்தம் அடங்கும்வரை நின்றாள். முன்னுரை இல்லை, விளக்கம் இல்லை.

"அந்த வார்டுல தண்ணி வருதா?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

அமைச்சர் எழுந்து, வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அமைச்சரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலாக நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போய்விடுவாள். என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அக்காதான். பல் தேச்சியா, சாப்பிட்டியா, அந்தப் பையனை அடிச்சது நீதானே? கேட்டால் உடனே பதில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காது அவள் கையில் இருக்கும். அதே பார்வை. மடியிலிருந்த கட்டுக்குள் இருந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். பொதுப்பணித் துறையுடன் ஒருங்கிணைந்து. அதைச் சொல்லத்தான் குனிந்தேன்.

"வரலக்கா" என்றேன் அமைச்சரின் காதில்.

"வரலக்கா" என்றார் அமைச்சர், ஒலிபெருக்கியில்.

எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் மேசையைத் தட்ட, இன்னொருவர் தட்ட, ஆளுங்கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டு சிரித்தார்கள். அமைச்சர் எதற்கு என்று தெரியாமல் தாமும் சிரித்தார். என் பக்கத்தில் இருந்த செயலர் என் முழங்காலைப் பிடித்து நசுக்கினார்.

அக்கா சிரிக்கவில்லை. மறுபடி எழுந்தாள். "எப்ப வரும்?"

அமைச்சர் தலையைச் சாய்த்தார். நான் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "ஆய்வு... ஆய்வு முடிந்தபின்..." என்று செயலர் குனிந்து முணுமுணுத்தார். அந்த இரைச்சலில் அது அமைச்சருக்குக் கேட்கவில்லை. காதில் ஒன்றும் விழாத மனிதர், தம் அமைச்சர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொந்த வாக்கியம் ஒன்றைச் சொன்னார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துடும்க்கா."

செயலர் கண்ணை மூடிக்கொண்டார். அமைச்சர் சபையில் தேதி சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே உறுப்பினர்கள் குழு ஒன்று இருக்கிறது. அமைச்சர் வாயிலிருந்து ஒரு தேதி கூட விழாமல் காப்பாற்றுவதற்குத்தான் எனக்கு அரசாங்கம் இத்தனை காலம் சம்பளம் கொடுத்தது.

"அக்கா" என்ற சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று ஆளுங்கட்சிக் கொறடா எழுந்து கேட்டார். அதில் அவதூறு எதுவும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் சபாநாயகர். மறுநாள் செய்தித்தாள்களில் அமைச்சரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். குறையை ஒப்புக்கொண்ட துணிவு, எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினரை உடன்பிறப்பாக அழைத்த பண்பு, இன்னும் என்னென்னவோ. அமைச்சர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல யோசனைய்யா உனக்கு" என்று முதுகில் தட்டினார்.

செயலர் தட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "வாய் தவறிடுச்சா, வேணும்னே செஞ்சீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார்.

அதற்கு ஒரு பதில் வரைய முயன்று பார்த்தேன். என்னாலேயே முடியவில்லை. "அக்கா கேட்டாங்க சார், சொல்லிட்டேன்" என்றேன். அந்த வாரமே என்னை எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே என்னிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பசை, குண்டூசி, பழுப்பு உறை. ஒரு மேசை, ஒரு பல்லி.

அக்காவோடு நான் பேசவில்லை. அவள் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்காமல் விட்டேன். கோபமாக இல்லை, கொதிப்பாக இருந்தது. நான் கட்டிக் காத்த வேலையை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டாள். அதுவும் என்னை வைத்தே. அத்தான் மட்டும் போனில் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு துறை ஆட்களும் ஒரே நாளில் குழாயும் சுத்திகரிப்பு இயந்திரமுமாக வந்து இறங்கி வாசலில் சண்டை போட்டார்களாம். இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வளைவுல அந்த இணைப்பு தப்பு, ஒழுகும்" என்று சொன்னாராம். கேட்கவில்லையாம். ஒழுகியதாம். பிரித்து மறுபடி போட்டார்களாம். மாதம் முடிய ஒருநாள் இருக்கும்போது தண்ணீர் வந்தது.

அதற்கடுத்த வாரம் நான் அந்த வார்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் அத்தான் படுத்திருந்தார். கையில் ஊசிகள் செருகி, சிவப்புக் குழாய்கள் இயந்திரத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தன. சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. பக்கத்தில் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"கேக்குதா மாப்ள?" என்றார் அத்தான். "அவ்வளவு தண்ணியும் எனக்குத்தான். ஒரு வாய் குடிக்க மட்டும் விட மாட்டேங்கறாங்க."

நான் அக்காவைப் பார்த்துக் கேட்டேன். "நான் பின்னாடி உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சுதானே அப்படிக் கேட்ட?"

"ஆமா."

"என்னை அங்கேர்ந்து தூக்கிடுவாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேட்ட?"

"கேட்டேன்."

முன்னுரை இல்லை, விளக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை. வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு வந்த அடுத்த கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விட்டது. நின்றுகொண்டே இருந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் பார்வை மாறவில்லை. இப்போது அவள் கேட்டாள்.

"கோவம் போயிடுச்சா?"

வாயைத் திறந்தேன். பரிசீலனையில் உள்ளது, உரிய நேரத்தில், ஒருசேரப் பதில். எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

"போகலக்கா" என்றேன்.

அத்தான் சிரித்ததில் இயந்திரம் கீச்சென்று கத்தியது. கையை ஆட்டாமல் படுங்கள் என்று நர்ஸ் அங்கிருந்தே அதட்டினார். அக்கா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.